முதல் டெஸ்ட் நெகட்டிவ், அடுத்தது பாசிட்டிவ்: எதை நம்புவது?

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது, சர்க்கரை உண்டு. காய்ச்சல் வந்த அன்றே கிளினிக்கில் ரேபிட் கிட்டில் பார்த்தார்கள், ஃப்ளூ நெகட்டிவ். மறுநாள் வேறு மருத்துவமனையில் ஒரு மணி நேரத்தில் ரிசல்ட் வரும் பிசிஆர் எடுத்ததில் இன்ஃப்ளூயன்சா ஏ (ஃப்ளூவின் ஒரு வகை) பாசிட்டிவ். எது சரி? குணமானதும் மறுபடி எடுக்க வேண்டுமா? என் 4 வயது மகனுக்கும் மூக்கு ஒழுகுகிறது. இருபது வைரஸ் பார்க்கும் பேனல் எடுக்கலாமா?

பதில்: இரண்டாவதை நம்புங்கள். கிட் தேடுவது வைரஸின் புரதத்தை. அது நிறைய இருந்தால்தான் கோடு விழும். பெரியவர்கள் மூக்கில் குழந்தைகள் அளவுக்கு வைரஸ் இருக்காது; அதுவும் முதல் நாளில் எடுத்திருக்கிறீர்கள். ஃப்ளூ இருக்கும் பத்துப் பேரில் மூன்று முதல் ஐந்து பேரை இந்தக் கிட்டுகள் தவறவிடும். பிசிஆர் வைரஸின் மரபணுவை இரட்டித்துக்கொண்டே போகிறது. 30 சுற்றில் ஒன்று 100 கோடியாகும். அதனால் மிகக் குறைவாக இருந்தாலும் பிடித்துவிடும். ஆனால் ஸ்வாபை (மாதிரி எடுக்கும் பஞ்சுக் குச்சியை) மூக்கு நுனியில் தடவிவிட்டு எடுத்தால் எந்த மெஷினும் உதவாது. நான் பார்த்த தவறான நெகட்டிவ்களில் பாதிக்கு மேல் இந்த ரகம்தான்.

பாசிட்டிவ் என்றாலும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நோய் இல்லாதவர்களில் 99 சதவீதம் பேருக்குச் சரியாக நெகட்டிவ் காட்டும் டெஸ்ட் என்றே வைத்துக்கொள்வோம். ஃப்ளூ சீசன் இல்லாத நேரத்தில் 1000 பேருக்கு எடுக்கிறோம், 10 பேருக்குத்தான் நோய் என்றால், தவறாகப் பாசிட்டிவ் வருபவர்களும் கிட்டத்தட்ட 10 பேர். பாசிட்டிவ்களில் பாதி பொய்! அப்பா விஷயம் அப்படியல்ல. காய்ச்சலும் இருக்கிறது, ரிசல்ட்டும் அதோடு பொருந்துகிறது.

ஃப்ளூவுக்கான மருந்து ஓசெல்டமிவிர். அதை முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம். அவர் வயதுக்கும் சர்க்கரைக்கும், ஃப்ளூ என்று சந்தேகம் வந்தாலே ரிசல்ட்டுக்குக் காத்திராமல் தொடங்கலாம். மறுபடி டெஸ்ட் வேண்டாம். செத்த வைரஸின் துணுக்குகளையும் பிசிஆர் காட்டும். வீண் பயம்தான் மிச்சம்.

மகனுக்குப் பேனல் தேவையில்லை. சாதாரண சளி தரும் ரைனோ வைரஸ் நன்றாக ஓடியாடும் குழந்தைகளின் மூக்கிலும் இருக்கும், அதற்கு மருந்தும் கிடையாது. அப்புறம் அந்த ரிசல்ட்டை வைத்து என்ன செய்வது? ஆனால் ஐந்து வயதுக்குக் கீழ் ஃப்ளூ தீவிரமாகலாம். காய்ச்சல் வந்தால் அன்றே காட்டி, வீட்டில் ஃப்ளூ இருப்பதைச் சொல்லுங்கள். மூச்சு வாங்கினாலோ, குடிக்க மறுத்தாலோ, துவண்டு கிடந்தாலோ நேராக மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அப்பாவுக்கும் மூச்சுத் திணறலோ குழப்பமோ வந்தால் அதேதான்.