ஆளில்லாத கடற்கரை – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஓய்வு பெற்றுவிட்டேன். துருக்கியின் லிசியக் கடற்கரையில் இடிபாடுகளுக்கு நடுவே நடக்கலாம், கூட்டமே இருக்காது என்கிறார்கள். நம் ஊர் ஆட்கள் கண்ணில் படாத இடமாக நாலு நாள் இருந்துவிட்டு வர ஆசை. எந்த மாதம் நல்லது? சைவச் சாப்பாடு கிடைக்குமா? முட்டி வலி வேறு.

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

ரொட்டி, தயிர், ஆலிவ் இருக்கிற ஊரில் சைவர் பட்டினி கிடக்க மாட்டார். முட்டியை மருத்துவரிடம் காட்டுங்கள், என்னிடம் அல்ல. லிசியப் பாதை 500 கிலோமீட்டருக்கு மேல். முழுக்க நடந்தே ஆகவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. பாறையில் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு தீட்டியிருப்பார்கள், அதைப் பிடித்து அரை நாள் போனால் போதும்.

என்னைச் சுட்டது ‘நம் ஊர் ஆட்கள் கண்ணில் படாத’ என்பதுதான். போகிற நீங்கள் எந்த ஊர் ஆள், ஐயா?

அதே கடற்கரையில் இருக்கிற பட்டாரா என்ற இடிந்த நகரத்தை நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. அக்டோபரில் போனேன், ஆளே இல்லை. ஒரு காலத்தில் கப்பல்கள் நெருக்கியடித்த துறைமுகம் அது. மணல் கொஞ்சம் கொஞ்சமாகத் தூர்த்தது. கப்பல் நின்றது, சனமும் போய்விட்டது. இப்போது நாணலும் தவளையும். அந்த அமைதி அப்படி வந்தது.

அங்கே அரைவட்டமாக ஒரு சபை மண்டபம். லிசியா என்ற பழைய கூட்டாட்சியின் 23 நகரங்களின் ஆட்கள் கூடிய மண்டபம். பெரிய நகரத்துக்கு 3 ஓட்டு, நடுத்தரத்துக்கு 2, சிறியதற்கு 1 என்று கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ 2000 வருடங்களுக்கு முன் எழுதிவைத்திருக்கிறார். 1787இல் அமெரிக்க அரசியல் சட்டத்துக்காக வாதாடிய ஹாமில்டன்கூட இதை உதாரணம் காட்டினார். பழைய கல் பழுப்பு, சீரமைக்கும்போது செருகிய கல் வெளுப்பு. ஒரு பழுப்புக் கல்லில் உட்கார்ந்து மாதுளை உரித்தேன். எதிர்ப்படியில் ஒரு ஓணான் தலையாட்டிக்கொண்டிருந்தது. சின்ன ஊர்க்காரன் ஒருவன் அந்த இடத்தில் எழுந்து, ‘எங்களுக்கு மட்டும் ஏன் ஒரே ஓட்டு?’ என்று கத்தியிருப்பான். எனக்கு அவன் குரல்தான் வேண்டியிருந்தது. நீங்களோ அந்தக் கூட்டமே வேண்டாம் என்கிறீர்கள். கல்லை மட்டும் பார்க்க அவ்வளவு தூரம் எதற்கு? அங்கே டீக்கடை வைத்திருப்பவரிடமாவது கொஞ்சம் பேசுங்கள். மொழி தெரியாவிட்டால் என்ன, சிரிக்கத் தெரியுமல்லவா?

கோடையில் ராத்திரி கடற்கரைக்கு விட மாட்டார்கள், ஆமை முட்டையிடும் இடம்.

ஆங், மாதம் கேட்டிருந்தீர்களே. ஏப்ரல். ஜூலையில் போனால் அந்தக் கல்லில் உட்கார முடியாது.