அரியர் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு என்ன பொருள்? கல்லூரியில் ஒரு மாதிரியும் ஆபீஸில் வேறு மாதிரியும் சொல்கிறார்களே?

எங்கள் வீட்டில் இந்தச் சொல் ஒரே நாளில் இரண்டு விதமாக வந்து நின்றது. அப்பா அரசு அலுவலகத்தில் எழுத்தர். அகவிலைப்படி அரியர் கணக்கில் ஏறிவிட்டது என்று மதியமே அம்மாவுக்குப் போன் செய்துவிட்டார். வரும்போது கையில் அரைக்கிலோ ஜாங்கிரி. அன்றைக்குச் சாயந்திரம்தான் என் மூன்றாவது செமஸ்டர் ரிசல்ட். கணிதத் தாளுக்கு நேரே 'யூ', அதாவது தேறவில்லை என்று இருந்தது. "ஒரு அரியர்ப்பா" என்று நான் மெதுவாகச் சொன்னது அப்பாயி காதில் விழுந்துவிட்டது. "உனக்கும் வந்துருச்சா சாமி? எவ்வளவு?" என்று ஆசையாகக் கேட்டார்.

அப்போது எனக்கு அழுகைதான் வந்தது. இன்றைக்கு ஒரு கம்பெனியின் சம்பளப் பிரிவில் தினமும் இந்தச் சொல்லோடுதான் வேலை செய்கிறேன். அப்பாயி கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. ஆங்கிலத்தில் அரியர் என்றால் முதலில் பணம்தான்.

இது பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். 'பின்னால்' என்பதுதான் மூலப் பொருள். வண்டியில் 'ரியர் வியூ மிரர்' என்கிறோமே, அந்த ரியரும் இதுவும் ஒரே வேரில் பிறந்தவை. கட்ட வேண்டிய நாள் முன்னே போய்விட்டது, பணம் பின்னாலேயே நின்றுவிட்டது. அதுதான் அரியர். யார் யாருக்குத் தர வேண்டும் என்பது சொல்லுக்குள் இல்லை. நான் வாடகை தராமல் இருந்தாலும் அரியர்தான், அரசாங்கம் எனக்குத் தர வேண்டியது தாமதமானாலும் அரியர்தான்.

அப்பாவுக்கு வந்தது இரண்டாவது வகை. மத்திய அரசு ஊழியர்களுக்கு ஜனவரி 1, ஜூலை 1 என ஆண்டுக்கு இரண்டு முறை அகவிலைப்படி திருத்தப்படும். மாநில அரசும் பெரும்பாலும் அதே வழியில்தான் போகும். ஆனால் அறிவிப்பு வருவதற்குள் சில மாதம் ஓடிவிடும். அந்த மாதங்களுக்கான வித்தியாசத்தை மொத்தமாகத் தருவதே அரியர். கொரோனா சமயத்தில் 2020 ஜனவரி முதல் 2021 ஜூன் வரை மத்திய அரசு இந்த உயர்வை நிறுத்தி வைத்தது. அந்த 18 மாத அரியரும் கொடுக்கப்படவில்லை. மத்திய அரசு ஊழியர்களிடம் 'பதினெட்டு மாசம்' என்று மட்டும் சொல்லிப் பாருங்கள், மீதியை அவர்களே சொல்வார்கள்.

வேலைக்குச் சேரும்போது தரும் ஒப்பந்தத்தில் 'பெய்டு இன் அரியர்ஸ்' என்று இருந்தால் பயப்படாதீர்கள். புதிதாகச் சேருகிறவர்கள் பலர் இதைக் காட்டி, "சம்பளத்தைப் பாக்கி வைப்பீங்களாக்கா?" என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். இங்கே தாமதம் என்ற பொருளே கிடையாது. மாதம் முழுக்க வேலை பார்த்த பிறகு சம்பளம் என்று அர்த்தம், அவ்வளவுதான். இதற்கு எதிர்ச்சொல் 'இன் அட்வான்ஸ்'.

இனி கல்லூரிக்கு வருகிறேன். தேறாத தாளை அரியர் என்பது பெரும்பாலும் தமிழ்நாட்டு வழக்கு. கேரளத்தில் 'சப்ளி' என்பார்கள், வடக்கே 'பேக்' என்றால்தான் புரியும். 2020 ஆகஸ்டில், தேர்வுக் கட்டணம் கட்டிய அரியர் மாணவர்களுக்குத் தேர்வில்லாமலே தேர்ச்சி என்று தமிழ்நாடு அரசு அறிவித்ததும், விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனதும் நினைவிருக்கும். நாளிதழ்கள்கூட 'அரியர்' என்றே தலைப்புப் போட்டன. யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. அந்த அளவுக்கு இது தமிழ்ச் சொல்லாகிவிட்டது.

சிக்கல் எல்லை தாண்டும்போதுதான். என் தோழி பிரிட்டனில் மேற்படிப்புக்கு விண்ணப்பித்தபோது, தனக்கு இரண்டு அரியர் இருந்ததாகவும் இரண்டையும் முடித்துவிட்டதாகவும் நேர்மையாக மெயில் எழுதினாள். கட்டணம் தொடர்பானவற்றுக்கு நிதிப் பிரிவை அணுகவும் என்று பதில் வந்தது. இவள் பழைய கல்லூரிக்கு ஃபீஸ் பாக்கி வைத்தவள் என்று நினைத்துவிட்டார்கள். விளக்கம் எழுதி, மார்க் ஷீட்டை மறுபடி அனுப்பி, இரண்டு வாரம் போயிற்று. பிரிட்டனில் மறுபடி எழுதும் தேர்வு 'ரீசிட்', அமெரிக்காவில் 'ரீடேக்'. வெளிநாட்டுக்கு எழுதும்போது "ஐ ஃபெயில்டு டூ பேப்பர்ஸ் அண்ட் பாஸ்டு தெம் லேட்டர்" என்று நேராக எழுதிவிடுங்கள். கூச்சப்பட வேண்டியதில்லை.

ஒத்த சொற்களைப் பார்த்து எடுக்க வேண்டும். 'டியூ' என்றால் கட்ட வேண்டியது, கெடு இன்னும் தாண்டியிருக்காது. தாண்டினால் 'ஓவர்டியூ'. அரியர் இதற்குத்தான் நெருக்கம். 'அவுட்ஸ்டாண்டிங்' என்றால் இன்னும் தீராத மொத்தத் தொகை. வீட்டுக் கடனை ஒழுங்காகக் கட்டுகிறவருக்கும் அது இருக்கும், அரியர் இருக்காது. ஃபைலுக்கும் வேலைக்கும் 'பெண்டிங்', குவிந்து கிடந்தால் 'பேக்லாக்'.

தமிழில் இதற்கு இருக்கும் சொல் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: நிலுவை. 'நில்' என்பதிலிருந்து வந்தது, நின்றுபோனது. மளிகைக் கடை நோட்டில் எழுதுவது பாக்கி, தாலுகா ஆபீஸ் நோட்டீஸில் வருவது நிலுவை. அரசுக்குச் சேர வேண்டிய பலவற்றை 'நில வருவாய் நிலுவை போல' வசூலிக்கலாம் என்று சட்டங்கள் சொல்கின்றன. அதற்குப் பின்னால் நிற்பது 1864ஆம் ஆண்டின் வருவாய் வசூல் சட்டம். ஜப்தி வரை போகலாம் என்பதால் அந்த வாசகம் இருக்கும் நோட்டீஸை மட்டும் ஓரமாக வைத்துவிடாதீர்கள்.

கம்பெனி விண்ணப்பங்களில் 'ஸ்டாண்டிங் அரியர்ஸ்' என்று ஒரு கட்டம் இருக்கும். நிலுவை என்பதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னது போல இருக்கிறது, இல்லையா? இன்னும் முடிக்காமல் நிற்கும் தாள்களை மட்டும் அதில் எழுதுங்கள். முடித்துவிட்டால் பூஜ்யம். பக்கத்திலேயே 'ஹிஸ்டரி ஆஃப் அரியர்ஸ்' என்று இருந்தால் மட்டும் பழையதையும் எழுத வேண்டும். இரண்டையும் ஒன்றென்று நினைத்து, எல்லாத் தாளையும் முடித்த பிள்ளைகள் முதல் கட்டத்தில் 'மூன்று' என்று எழுதிவிடுகிறார்கள். அப்படி வந்த விண்ணப்பங்களை நானே பார்த்திருக்கிறேன்.

ஒரு விஷயம் விட்டுப்போச்சு. எழுத்தில் பொதுவாக 'ஸ்' சேர்த்து அரியர்ஸ் என்றே எழுதுங்கள். ஒற்றை அரியர் நம் ஊர்ப் பேச்சில்தான் அதிகம்.