கோழி வளர்ப்பு கேள்வி – பதில்: கால் ஊன்ற முடியாத குஞ்சுகள்

மார்கழியிலும் தையிலும் அடை வைத்த முட்டைகள் பொரிந்து, குஞ்சுகள் முற்றத்தில் இறங்குகிற நேரம் இது. இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை குஞ்சுகளின் கால்களைப் பற்றியவை. கால் சரியில்லாத குஞ்சைப் பிழைக்காது என்று வேலியோரம் போட்டுவிடுகிற வழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. தாராபுரம் பக்கத்துத் தோட்டத்தில் 26 ஆண்டுகளாக நாட்டுக்கோழி வளர்த்து வருகிறேன். அந்த வழக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

கேள்வி: அக்கா, மகன் இன்குபேட்டர் வாங்கித் தந்தான். முதல் முறையிலேயே 37 குஞ்சுகள் பொரித்தன. அவற்றில் ஐந்து குஞ்சுகளுக்குக் கால்கள் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து, தவளை படுத்தாற்போல் கிடக்கின்றன. அட்டைப்பெட்டியில் செய்தித்தாள் விரித்து, பல்பு போட்டு வைத்திருக்கிறேன். பொரித்து இரண்டு நாள் ஆகிறது. காப்பாற்ற முடியுமா?
– ஒரு வாசகி, மேலூர்

பதில்: முடியும். மேற்கொண்டு படிப்பதற்கு முன் அந்தச் செய்தித்தாளை எடுத்துவிடுங்கள். எடுத்த இடத்தில் கோணிச்சாக்கை விரியுங்கள்.

நானும் இதே தவற்றைச் செய்தவள். 1999இல் முதல்முதலாகப் பெட்டியில் குஞ்சு வளர்த்தபோது, சுத்தமாக இருக்குமே என்று தாளைத்தான் விரித்தேன். 31 குஞ்சுகளில் எட்டுக்குக் கால் விரிந்துவிட்டது. முட்டையில் கோளாறு, சேவலில் கோளாறு என்று யார் யாரையோ குறை சொன்னேன். பக்கத்துத் தோட்டத்து ஆத்தா வந்து தாளைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஈரத் திண்ணையில் குழந்தையை நடக்கவிட்டால் நடக்குமா?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த எட்டில் ஒன்றையும் என்னால் மீட்க முடியவில்லை. வழி தெரிந்துகொள்வதற்குள் பத்து நாள் ஓடியிருந்தது.

புதுக்குஞ்சின் எலும்பும் தசைநாரும் மிக இளசாக இருக்கும். வழுக்கும் தரையில் கால் ஒவ்வொரு முறை சறுக்கும்போதும் தொடை வெளிப்பக்கமாக இழுபடும். இரண்டு மூன்று நாளில் அதுவே நிலையாகிவிடும். அடைக்கூடையில் நம் பாட்டிமார் மணலும் வைக்கோலும் பரப்பியது முட்டை உருளாமல் இருக்க மட்டும் இல்லை. வெளியே வந்த குஞ்சின் விரல் பற்றிக்கொள்ளவும் அது உதவியது. இடிக்குப் பயந்து அவர்கள் கூடையில் போட்ட இரும்புத் துண்டைப் பற்றி எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியாது. மணலைப் பற்றிச் சொல்வேன், அது சரியான ஏற்பாடு.

இனி வைத்தியம். மருந்துக்கடையில் காகிதப் பிளாஸ்திரி கேளுங்கள். அரை சென்டிமீட்டர் அகலமும் விரல் நீளமும் உள்ள பட்டையாகக் கத்தரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் குஞ்சை உள்ளங்கையில் பிடித்து, இரண்டு கால்களையும் உடம்புக்கு நேர்கீழே கொண்டுவர வேண்டும். மற்றவர் பட்டையை ஒரு காலைச் சுற்றி, நடுவில் ஒட்டி, அடுத்த காலைச் சுற்ற வேண்டும். பாதத்துக்கு மேலே, மடங்கும் மூட்டுக்குக் கீழே உள்ள தண்டுப் பகுதியில்தான் கட்டு இருக்க வேண்டும். கால்களுக்கு இடையே சுமார் இரண்டரை சென்டிமீட்டர் விடுங்கள். குஞ்சு இயல்பாக நிற்கும் அகலம் அதுதான். நெருக்கிக் கட்டினால் தடுக்கி விழும். விலக்கிக் கட்டினால் பயனில்லை. நூலும் ரப்பர் வளையமும் வேண்டவே வேண்டாம், காலை அறுத்துவிடும்.

கட்டிய முதல் மணி நேரத்தில் குஞ்சு குப்புற விழும், கத்தும். மனம் இளகி அவிழ்த்துவிடாதீர்கள். ஆனால் மல்லாந்து விழுந்தால் தானாக எழ முடியாது, ஆகவே அடிக்கடி எட்டிப் பாருங்கள். தண்ணீர்த் தட்டில் கூழாங்கற்களைப் போட்டு வையுங்கள், இல்லையென்றால் மூழ்கிவிடும். மற்ற குஞ்சுகள் ஏறி மிதிக்காமல் இந்த ஐந்தையும் தனிப்பெட்டியில் விடுங்கள். ஒற்றைக் குஞ்சைத் தனியாக விட்டால் ஏங்கிப்போகும், ஐந்தும் சேர்ந்து இருப்பது நல்லது. தினமும் ஒருமுறை கட்டை அவிழ்த்து, கால் வீங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள். பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து நாளில் நடந்துவிடும். இரண்டு நாள் குஞ்சு என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதம் வந்த அன்றே உங்களுக்குப் பதில் அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே அச்சிடுகிறோம்.

அடுத்த முறைக்கு ஒன்று. இன்குபேட்டரின் அடித்தட்டும் வழுக்கும். 18ஆம் நாள் முட்டை திருப்புவதை நிறுத்தும்போது தட்டில் சொரசொரப்பான துணி விரித்துவிடுங்கள். விசிறி உள்ள பெட்டி என்றால் 37.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் அதிகம் ஏறவிடாதீர்கள். சூடு மிகுந்தாலும் குஞ்சுகளுக்குக் கால் கோளாறு வரும். கடைசி மூன்று நாள் ஈரப்பதம் 65 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். காற்று உலர்ந்திருந்தால் முட்டை ஓட்டின் உள்தோல் குஞ்சின் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். வெளியே வர வெகுநேரம் போராடிய குஞ்சு, பலமில்லாத காலோடுதான் வரும்.

கேள்வி: எங்கள் சிறுவிடை நாட்டுக்கோழிக் குஞ்சுகளுக்கு 12 நாள் ஆகிறது. மூன்று குஞ்சுகளின் விரல்கள் உள்பக்கமாகச் சுருண்டு, முட்டி போட்டு நகர்கின்றன. தீவனம் அரிசிக் குருணை மட்டும்தான்.
– ஒரு வாசகர், தொட்டியம்

பதில்: காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள், தம்பி. தீட்டிய அரிசியில் ரைபோஃபிளேவின் என்னும் பி2 வைட்டமின் மிகக் குறைவு. அது போதாமல் போனால் காலுக்குச் செல்லும் பெரிய நரம்பு வீங்கி, விரல் மடங்கும். பசி இருந்தாலும் தட்டு வரைக்கும் போக முடியாததால் குஞ்சு இளைக்கும்; பார்க்கிறவர்கள் வேறு நோய் என்று நினைப்பார்கள்.

கோழிகளுக்கான பி காம்ப்ளெக்ஸ் திரவத்தை வாங்கி, புட்டியில் எழுதியுள்ள அளவில் இன்றே தண்ணீரில் கலந்து கொடுங்கள். தட்டைக் குஞ்சின் அலகுக்கு அருகிலேயே வையுங்கள். குருணையை நிறுத்திவிட்டுக் குஞ்சுத் தீவனத்துக்கு மாறுங்கள். பொடியாக நறுக்கிய முருங்கைக்கீரை, அவித்த முட்டை, கொஞ்சம் வேகவைத்த ஈரல் எல்லாம் நல்லவை. கரையான் கிடைத்தால் போடுங்கள், குஞ்சுகள் அதற்கு ஓடி வருவதைப் பார்ப்பதே தனி மகிழ்ச்சி. தீவன மூட்டையை வெயிலில் வைக்காதீர்கள், வெளிச்சம் பட்டால் பி2 அழியும். குஞ்சுக்கோ இளவெயில் வேண்டும், வைட்டமின் டி கிடைக்க.

தொடக்கத்திலேயே கொடுத்தால் சில நாளில் விரல் நிமிரும். வாரக்கணக்கில் விட்டுவிட்டால் நரம்பு திரும்பாது. பொரிக்கும்போதே விரல் மடங்கி வருகிற குஞ்சுக்கு, பாதத்தைவிடச் சற்றுப் பெரிதாக அட்டை வெட்டி, விரல்களை நேராக்கி அதன் மேல் பிளாஸ்திரியால் ஒட்டினால் ஓரிரு நாளில் சரியாகும். அப்படிப் பல குஞ்சுகள் வந்தால் தாய்க்கோழி என்ன தின்கிறது என்று பாருங்கள். முட்டைக்குள் வைட்டமின் போவது அதன் உடம்பிலிருந்துதான்.

கேள்வி: ஒன்பது வாரக் கோழி ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் நீட்டிப் படுத்தே கிடக்கிறது. கட்டுப் போடலாமா?
– ஒரு வாசகர், பண்ருட்டி

பதில்: வேண்டாம். இந்த வயதில் இந்தப் படுக்கை மேரெக்ஸ் என்னும் வைரஸ் நோயாக இருக்கலாம். அதற்கு மருந்து இல்லை. பொரித்த முதல் நாளில் போடும் தடுப்பூசிதான் காப்பு. கோழியை உடனே தனியாக்கிவிட்டு, கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். கழுத்து முறுக்கலும் பச்சைக் கழிச்சலும் சேர்ந்திருந்தால் ராணிக்கெட் எனப்படும் வெள்ளைக்கழிச்சல் நோயாகவும் இருக்கலாம், அது இன்னும் அவசரம்.

கேள்வி: நான் ஆறாம் வகுப்பு படிக்கிறேன். எங்கள் கோழி பொரித்த குஞ்சில் ஒன்றுக்கு ஒரு கால் மட்டும் வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறது. மூட்டு வீங்கியிருக்கிறது. தொட்டால் கத்துகிறது. பாட்டி இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்கிறார். எனக்கு அழுகையாக வருகிறது.
– ஒரு மாணவி, காங்கேயம்

பதில்: கண்ணு, நீ இவ்வளவு உன்னிப்பாகப் பார்த்து எழுதியதால்தான் என்னால் பதில் சொல்ல முடிகிறது. குஞ்சின் கால் நடுவே பின்னால் மடங்குகிற மூட்டின் பின்பக்கத்தில் ஒரு பள்ளம் உண்டு. அதில் நார் ஒன்று கயிறுபோல் ஓடும். அந்த நார் பள்ளத்திலிருந்து நழுவிப் பக்கத்தில் விழுந்தால், மூட்டு தட்டையாக வீங்கிக் கால் திரும்பிவிடும். மாங்கனீசு என்ற தாது குறைந்தால் இப்படி வரும். முட்டையிடும் கோழிக்கான தீவனத்தைக் குஞ்சுக்கு வைத்தாலும் வரலாம், அதில் உள்ள மிகுதியான சுண்ணாம்புச் சத்து மாங்கனீசை உடம்பில் சேரவிடாது.

நழுவி ஓரிரு நாளுக்குள் என்றால், காலை மெல்லப் பின்னால் நீட்டி, கட்டைவிரலால் நாரைப் பள்ளத்துக்குள் உருட்டிவிட முடியும். நீ செய்யாதே. கால்நடை மருந்தகத்தில் மருத்துவர் செய்யட்டும். உன்னிடம் மறைக்க மாட்டேன், மறுபடி நழுவுவதும் உண்டு. நான் சேர்த்துவிட்ட குஞ்சுகளில் நின்றதைவிட நழுவியதுதான் அதிகம். இரை எடுக்காமல் ஓயாமல் கத்தினால், வலியில்லாமல் அனுப்பிவைக்க மருத்துவருக்குத் தெரியும், அப்போது அவர் சொல்வதைக் கேள். ஒற்றைக் காலில் ஊன்றி இரை எடுத்தால் வைத்துக்கொள். எங்கள் தோட்டத்தில் ஒற்றைக்கால் பெட்டை ஒன்று நான்கு ஆண்டு முட்டையிட்டது. அதன் முட்டையை மட்டும் அடைக்கு வைக்கவில்லை.

நாளைக் காலையில், அட்டைப்பெட்டியில் உமி போட்டுக் குஞ்சை வைத்துக்கொண்டு போ. பாட்டியையும் கூட்டிக்கொண்டு போ. நோகாமல் குஞ்சைப் பிடிக்க அவருக்குத்தான் தெரியும்.