வகுப்பு வெப்சைட்: டீச்சர்மாருக்கு பதில்கள்

கேள்வி: குலசேகரம் பக்கம் ஏழாம் கிளாஸ் எடுக்கேன். கூகுள் சைட்ஸ்ல பக்கம் போட்டு ரெண்டு மாசமாச்சு, நாலஞ்சு வீட்லதான் பாக்குறாங்க.

பதில்: எப்பம் போடுறீங்க, அத சொல்லலையே. உங்க பக்கம் நெறைய பேரு ரப்பர் வெட்டப் போறவங்க, விடியமுன்ன தோட்டத்துல நிப்பாங்க, காலைல லிங்க் அனுப்பினா யாரு பாப்பா? சாயங்காலம் போடுங்க, வாரத்துல ஒரே கிழமைல போடுங்க. திறந்ததும் ‘இந்த வாரம்’னு அஞ்சு வரி இருக்கணும், ஆண்டு விழா போட்டோவை மேல வச்சா ஒருத்தரும் கீழ வரமாட்டாங்க. அவங்க திருப்பிச் சொல்லவும் ஒரு ஃபார்ம் வைங்க. ரெண்டே கேள்வி: பிள்ளை வீட்ல எந்தப் பாடத்துக்கு முழிக்குது, எந்த நேரம் போன் பண்ணினா எடுப்பீங்க. போட்டதும் போன்ல ஒருதடவை திறந்து பாருங்க, லேப்டாப்ல பாத்துட்டு விட்டுராதீங்க.

கேள்வி: தூத்தூர். அப்பாமாரு ஆழ்கடலுக்குப் போனா வர வாரக்கணக்காகும். இவங்களுக்கு சைட் எதுக்கு?

பதில்: இவங்களுக்குத்தான் வேணும். வாட்ஸ்அப் குரூப்ல ஒரு மாச விஷயம் குட்மார்னிங் படத்துக்கு அடியில போயிரும். சைட்ல மாசவாரியா வச்சா, மீன்பிடி படகு கொச்சில அணைஞ்சு சிக்னல் கிடைச்சதும் அந்த மாசம் மொத்தத்தையும் ஒரே இருப்புல பாத்துருவாரு. பழசை அழிக்காதீங்க.

கேள்வி: மார்க் லிஸ்ட்ல பேரு போடல, ரோல் நம்பர் மட்டும்தான் போட்டேன், கூட கிளாஸ் போட்டோ. ஒரு அம்மா வந்து சண்டை போட்டுட்டாங்க. என்ன தப்பு சார்? (தக்கலை)

பதில்: தப்புதான், அந்த அம்மா பேசினது கம்மி. 17-ம் நம்பர் யாருன்னு கிளாஸ்ல எல்லா பிள்ளைக்கும் தெரியும், பிள்ளைக்குத் தெரிஞ்சா தெருவுக்கே தெரியும், அப்புறம் துபாய்ல இருக்க சித்தப்பா வரைக்கும் போயிரும். நூத்துக்கு இருபது எடுத்த பையன் மறுநாள் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு கிளாஸுக்கு வருவான்? மார்க்குன்னா அந்தந்த வீட்டுக்கு மட்டும், தனியா. இத எத்தனை தடவ எழுதிட்டேன், திரும்பவும் இதே கேள்வி. போட்டோ இன்னும் மோசம். யூனிஃபார்ம், பேட்ஜ், பின்னால ஸ்கூல் போர்டு, இவ்வளவும் தெரிஞ்சா பிள்ளை தினமும் எங்க இருக்கும்னு எவனுக்கும் தெரியும். நோட்டு, சார்ட், செடி நடுற கை, இதெல்லாம் போடுங்க, முகம் வேண்டாம். 18 வயசுக்குக் கீழன்னா பெத்தவங்க சம்மதம் வேணும்னு 2023-ல வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சொல்லுது, அட்மிஷன் ஃபார்ம்ல மொத்தமா வாங்கின ஒரு கையெழுத்த காட்டி சமாளிக்காதீங்க. இப்பம் உடனே செய்ய வேண்டியது: சைட்ல இருந்து லிஸ்டை எடுத்தா மட்டும் போதாது, கூகுள் டிரைவ்ல அந்த மார்க் ஷீட் ‘லிங்க் உள்ள எவரும்’னு இன்னும் திறந்துதான் கிடக்கும். அங்க போய் பூட்டுங்க. பிறகு அந்த அம்மாவுக்கு போன் போட்டு பேசுங்க.

கேள்வி: எழுத்தெல்லாம் இங்கிலீஷ் எழுத்தும் புள்ளியுமா குழம்பித் தெரியுது.

பதில்: என்ன ஃபான்ட்னு சொல்லாம கேட்டா? பாமினின்னு பழைய ஃபான்ட்ல டைப் பண்ணி ஒட்டியிருப்பீங்க, அந்த ஃபான்ட் இல்லாத போன்ல அப்படித்தான் தெரியும். எல்லா போன்லயும் தமிழாவே தெரியுற யூனிகோடுக்கு மாத்தி ஒட்டுங்க.

கேள்வி: களியக்காவிளை. சில வீட்ல மலையாளம்தான் வாசிப்பாங்க, சில பாட்டிமாருக்கு எதுவும் வாசிக்கத் தெரியாது.

பதில்: முக்கியமான அறிவிப்புக்கு மட்டும் மலையாளத்துல ரெண்டு வரி, தெரிஞ்ச டீச்சர்ட்ட எழுதி வாங்குங்க, மெஷின் தர்றத அப்படியே ஒட்டாதீங்க. பாட்டிக்கு உங்க குரல்லயே ஒரு நிமிச ஆடியோ. சர்க்குலரை போட்டோ எடுத்துப் போடாதீங்க, போன்ல படிச்சுக் காட்டுற வசதிக்கு அது வெறும் படம்.

கேள்வி: காசு குடுத்து டொமைன் (சைட்டுக்கு சொந்த முகவரி) வாங்கணுமா?

பதில்: வேண்டாம். அந்தக் காசுக்கு கிளாஸுக்கு சார்ட் வாங்குங்க.

கேள்வி: டிரான்ஸ்ஃபர் ஆனா சைட் என்ன ஆகும்?

பதில்: இன்னிக்கே இன்னொரு டீச்சரையும் எடிட்டரா சேருங்க, போறப்ப ஓனர்ஷிப்ப மாத்திக் குடுங்க. ரெண்டு வருசம் தொடாம கிடக்குற கணக்கை கூகுள் அழிக்கலாம். போறதுக்கு முன்ன பிள்ளைகள் போட்டோவை எடுத்துருங்க, மறுபடியும் சொல்லுதேன்.

கேள்வி: மழை லீவை சைட்ல போடலாமா?

பதில்: கலெக்டர் அறிவிப்பு வந்த பிறகு போடுங்க, ‘நாளை லீவு’ன்னு மட்டும் போடாதீங்க, தேதி போடுங்க. போன மழைக்குப் போட்ட ‘நாளை’ இன்னும் உங்க பக்கத்துல நிக்குது, இப்பம்தான் பாத்தேன்.