எட்டு நிமிடம் கழித்து எழும் கம்ப்யூட்டர்: புதிது வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: குளச்சலில் கடலை ஒட்டிய வீடு. 2016-ல் அசெம்பிள் செய்த டெஸ்க்டாப்: இன்டெல் ஐ3 ஆறாம் தலைமுறை, 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. பட்டனை அழுத்தியபின் வேலை தொடங்க எட்டு நிமிடம் ஆகிறது. குரோமில் நாலு டேப் திறந்தால் அப்படியே நின்றுவிடுகிறது. சில நாள் காலையில் பாங்க் தளம் திறக்காமல், இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று சொல்கிறது. நெட் 100 எம்பிபிஎஸ் ஃபைபர். இரண்டு முறை ஃபார்மட் செய்தோம், ஒரு மாதத்தில் பழையபடி ஆகிவிட்டது. கடையில் புது சிஸ்டம் வாங்கச் சொல்கிறார்கள். மகளின் கல்லூரிப் படிப்புக்கும் ஆன்லைன் விண்ணப்பங்களுக்கும்தான் பயன்படுத்துகிறோம். வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம். நீங்கள் சொல்லும் வேலைகளுக்கு அந்த ஐ3 தாராளமாகப் போதும். மூன்று தொந்தரவுகளையும் ஒரே நோய் என்று நினைத்து ஃபார்மட் செய்ததால்தான் திரும்பத் திரும்ப வருகிறது. டிஸ்க்கும் ரேமும் சேர்ந்து ஒரு கோளாறு, பாங்க் தளம் திறக்காதது வேறு கோளாறு. கையிலிருந்து காசு போகும் முன் எது எது என்று பிரித்துவிடலாம்.

சிஸ்டத்தை ஆன் செய்து பத்து நிமிடம் எதையும் திறக்காமல் விடுங்கள். பிறகு கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போய் சிபியு, மெமரி, டிஸ்க் மூன்றையும் பாருங்கள். இப்போது குரோமைத் திறந்து வழக்கமான நாலு டேப்பையும் போடுங்கள். மெமரி 85, 90 சதவீதத்தைத் தாண்டும், அதே நேரத்தில் டிஸ்க் 100-ல் போய் நிற்கும், சிபியு 30, 40-க்குள் இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். டிஸ்க் 100 சதவீதம் என்றாலும் கீழே படிக்கும் வேகத்தைப் பார்த்தால் விநாடிக்கு 1 அல்லது 2 எம்பி என்றுதான் காட்டும். அதாவது டிஸ்க் ஓய்வில்லாமல் ஓடியும் கொடுப்பது கொஞ்சம்தான்.

காரணம் இதுதான். விண்டோஸ் எழுந்து நிற்கவே 2 ஜிபி அளவு ரேமை எடுத்துக்கொள்கிறது. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாததால் திரைக்கும் அதே ரேமில்தான் பங்கு. மீதமுள்ளதில் குரோம் நுழைகிறது. பாதுகாப்புக்காக அது ஒவ்வொரு தளத்தையும் தனித்தனி புராசஸாக ஓட்டுவதால் நாலு டேப்புக்குள் ரேம் தீர்ந்துவிடும். இடம் போதாதபோது விண்டோஸ் ரேமில் உள்ளதைத் தூக்கி டிஸ்க்கில் வைக்கும், தேவைப்படும்போது திரும்ப எடுக்கும். ஹார்ட் டிஸ்க்கில் சுழலும் தட்டின்மேல் ஒரு முள் அங்குமிங்கும் நகர்ந்துதான் படிக்க வேண்டும். ஒரே நீளமாகப் படித்தால் விநாடிக்கு 100 எம்பிக்குமேல் தரும் டிஸ்க், சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னத் துண்டுகளைத் தேடி ஓடும்போது 1 எம்பிக்கு இறங்குகிறது. ஃபார்மட் செய்த புதிதில் தானாகத் தொடங்கும் புரோகிராம்கள் குறைவு, அதனால் வேகம் தெரியும். ஒரு மாதத்தில் அவையெல்லாம் திரும்ப ஏறியதும் பழைய நிலைக்கு வந்துவிடும்.

எதையும் மாற்றும் முன் அந்த ஹார்ட் டிஸ்க் உடல்நலத்தோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்கி ஓட்டுங்கள். நீளமான பட்டியலில் மூன்று வரிகள் போதும்: 05, சி5, சி7. ஒவ்வொன்றிலும் கடைசிப் பத்தியில் இருக்கும் எண் முழுக்கப் பூஜ்யமாக இருந்தால் நல்லது. 05-ல் எண் இருந்தால் டிஸ்க்கில் கெட்டுப்போன இடங்களை அது ஏற்கெனவே ஒதுக்கிவிட்டது என்று பொருள். சி5-ல் எண் இருந்தால் இப்போதே படிக்க முடியாத இடங்கள் இருக்கின்றன. அப்படியானால் அன்றைக்கே படங்களையும் சான்றிதழ்களையும் பென் டிரைவுக்கோ வெளி டிஸ்க்குக்கோ எடுத்துவிடுங்கள், மற்ற வேலை எல்லாம் அதற்குப் பிறகுதான். சி7 வேறு கதை. டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவில் போகும் சாட்டா கேபிளில் தகவல் சிதைந்ததை அது எண்ணுகிறது. 05, சி5 இரண்டும் பூஜ்யம், சி7 மட்டும் நாளுக்கு நாள் கூடுகிறது என்றால் டிஸ்க்கைக் குறை சொல்ல வேண்டாம். கேபிளை மாற்றுங்கள். சி7 எண் ஒருபோதும் குறையாது, புதுக் கேபிள் போட்டபின் கூடாமல் நின்றால் சரியாகிவிட்டது என்று அர்த்தம்.

கேபிளைப் பற்றி அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உங்கள் ஊர். தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு மழையும் பெய்கிற மாவட்டம், அதிலும் குளச்சல், முட்டம் போன்ற கரைகளில் உப்புக்காற்று வீட்டுக்குள்ளேயே வந்து படிகிறது. ஜன்னல் கம்பியை அரிக்கும் அதே காற்றுதான் கேபினட்டின் விசிறி வழியாக உள்ளேயும் போகிறது. கேபிள் முனையிலும் ரேமின் முனையிலும் படலம் படிந்தால் சிஸ்டம் திடீரென்று நிற்கும், நீலத் திரை காட்டும், சில சமயம் பீப் அடித்துவிட்டுத் திரையே வராது.

இதை வீட்டிலேயே சுத்தம் செய்யலாம். பவர் கேபிளைச் சுவரிலிருந்து உருவிவிட்டு, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள், உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்துவிடும். கேபினட்டின் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியைக் கையால் தொட்ட பிறகு ரேமின் இரு பக்கக் கொக்கிகளையும் விலக்கினால் அது மேலே எழும். ஓரங்களைப் பிடித்து எடுத்து, கீழ் விளிம்பில் வரிசையாக இருக்கும் தங்க நிறப் பற்களை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பளபளப்பு போய் மங்கியோ, ஓரத்தில் பச்சைப் புள்ளியோ தெரிந்தால் உப்பு வேலை செய்திருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் வெள்ளை அழிரப்பரால் மெதுவாக, பற்களின் நீளவாக்கில் தேய்த்து, துகளைத் தூரிகையால் தட்டிவிடுங்கள். உப்புத்தாள் வேண்டாம், தங்கப் பூச்சே போய்விடும். வாயால் ஊதவும் வேண்டாம், எச்சில் ஈரம் பட்டால் அதுவே அடுத்த அரிப்புக்கு வழி. திரும்ப மாட்டும்போது இருபுறமும் 'டக்' என்று சத்தம் கேட்க வேண்டும். திறந்த கையோடு சிபியுவின் மேலுள்ள விசிறித் தூசியையும் தட்டிவிடலாம். பிளோயர் அடிக்கும்போது இறக்கையை ஒரு குச்சியால் தடுத்துப் பிடியுங்கள், இல்லாவிட்டால் அளவுக்கு மீறிச் சுழன்று விசிறி கெடும். சிஸ்டத்துக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எக்காரணத்தாலும் திறக்காதீர்கள், கரண்ட் எடுத்த பிறகும் உள்ளே ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும்.

கேபினட் திறந்தபடி இருக்கும்போதே பாங்க் தளத் தொந்தரவையும் முடித்துவிடுங்கள். போர்டில் காசு வடிவில் ஒரு பேட்டரி தெரியும். சிஆர்2032, 3 வோல்ட். சிஸ்டம் அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். நம் வீடுகளில் இரவில் சுவர் சுவிட்சையே அணைத்துவிடுகிறோம், அதனால் கடிகாரம் முழுக்க இந்தப் பேட்டரியை நம்பி ஓடிச் சீக்கிரம் தீர்ந்துபோகிறது. காலையில் தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும். பாங்க் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்க நாள், முடிவு நாள் உண்டு. உங்கள் சிஸ்டத்தின் தேதி அந்த நாட்களுக்கு வெளியே இருந்தால் குரோம் சான்றிதழை ஏற்காது. நெட் வந்து தேதி தானாகச் சரியானதும் தளம் திறந்துவிடும், அதனால்தான் சில காலைகளில் மட்டும். புதுப் பேட்டரி போட்டு, தேதியைச் சரிசெய்யுங்கள். மிகக் குறைந்த செலவு. தேதி சரியாக இருந்தும் அதே எச்சரிக்கை வந்தால் மட்டும் அதைத் தாண்டிப் போகாதீர்கள், பாங்க் விஷயம்.

இனி வாங்க வேண்டியது. முதலில் எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டுக்குப் பதில் சிப்பில் தகவலை வைக்கும் டிஸ்க். 240 அல்லது 256 ஜிபி, 2.5 அங்குல சாட்டா வகை போதும். உங்கள் போர்டில் எம்.2 இடம் (எஸ்எஸ்டியைக் கேபிள் இல்லாமல் நேராகச் செருகும் இடம்) இருந்தாலும் அது சாட்டாவா, என்விஎம்இ என்ற வேறு வகையா என்று போர்டின் மாதிரி எண்ணை வைத்து உறுதிசெய்யாமல் அந்த வகையை வாங்காதீர்கள். எஸ்எஸ்டியில் நகரும் முள் இல்லை, சிதறிய துண்டுகளைத் தேடும் வேலை அதற்குப் பாரமே இல்லை. எட்டு நிமிடம் ஒரு நிமிடத்துக்குள் வரும். பழைய டிஸ்க்கை அப்படியே குளோன் செய்யச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், குப்பையும் சேர்ந்து வரும், சி5-ல் எண் இருந்தால் பாதியில் நின்றும் போகும். விண்டோஸைப் புதிதாகவே போடுங்கள். போடும்போது பழைய ஹார்ட் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வையுங்கள். கழற்றாவிட்டால் தொடக்கத்துக்கான சிறு பகுதியை விண்டோஸ் பழைய டிஸ்க்கில் போய் எழுதிவிடும், பின்னால் அந்த டிஸ்க் போனால் எஸ்எஸ்டியும் எழாது. முறையான விண்டோஸ் உரிமம் போர்டோடு சேர்ந்தது, டிஸ்க் மாற்றினால் போய்விடாது.

அடுத்தது ரேம். டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் எத்தனை ஸ்லாட், எத்தனை நிரம்பியிருக்கிறது என்று இருக்கும். ஒன்று காலி என்றால் 8 ஜிபி ஒன்றைச் சேர்த்து 12 ஆக்கலாம். ஆறாம் தலைமுறையில் ரேம் வகை பெரும்பாலும் டிடிஆர்4, ஆனால் டிடிஆர்3 போர்டுகளும் அந்தக் காலத்தில் வந்தன. ஒன்றின் ஸ்லாட்டில் மற்றொன்று உட்காராது. பழைய ரேமைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோவதுதான் நிச்சயம். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் எஸ்எஸ்டியை முதலில் வாங்குங்கள். ரேம் தீர்ந்து டிஸ்க்குக்குப் போனாலும் அந்த டிஸ்க் வேகமாக இருக்கும்.

குரோமுக்குச் செலவே இல்லை. முதலில் இன்காக்னிட்டோ ஜன்னலில் அதே தளத்தைத் திறந்து பாருங்கள். அங்கே எக்ஸ்டென்ஷன்கள், அதாவது குரோமில் கூடுதலாக ஏற்றிய சிறு புரோகிராம்கள், பொதுவாக ஓடாது. அங்கு வேகம், சாதாரண ஜன்னலில் மந்தம் என்றால் குற்றவாளி எக்ஸ்டென்ஷன்தான். கூப்பன், பிடிஎஃப் மாற்றி, வீடியோ டவுன்லோடர் என்று தெரியாமல் ஏறியவற்றை நீக்குங்கள். ஷிஃப்ட், எஸ்கேப் சேர்த்து அழுத்தினால் குரோமுக்கே சொந்தமான டாஸ்க் மேனேஜர் வரும், எந்த டேப் எவ்வளவு ரேம் தின்கிறது என்று அதில் தெரியும். செட்டிங்ஸின் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரி சேவரை ஆன் செய்யுங்கள். சிஸ்டம் பகுதியில், குரோமை மூடியபின்னும் பின்னணியில் ஓடும் வசதியை அணையுங்கள். கேஷை, அதாவது தளங்களிலிருந்து குரோம் எடுத்து வைத்திருப்பதை, அடிக்கடி அழித்தால் வேகம் கூடும் என்ற நம்பிக்கை தவறு. எல்லாப் படத்தையும் மறுபடி நெட்டிலிருந்து இறக்க வேண்டிவரும், மெதுவாகத்தான் ஆகும்.

விண்டோஸில் ஸ்டார்ட்அப் பட்டியலிலிருந்து தேவையற்றதை அணையுங்கள். இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒன்றை எடுங்கள், விண்டோஸோடு வருவதே போதும். ஸ்டோரேஜ் பகுதியில் டெம்பரரி ஃபைல்ஸ் அழிக்கும்போது அந்தப் பட்டியலில் டவுன்லோட்ஸ் என்று ஒரு வரி இருக்கும். அதில் டிக் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இறக்கி வைத்த விண்ணப்பமெல்லாம் போய்விடும். வாரம் ஒருமுறை ஷட் டவுனுக்குப் பதில் ரீஸ்டார்ட் கொடுங்கள். வேகமாக எழுவதற்காக ஷட் டவுன் விண்டோஸின் உள்பகுதியைச் சேமித்துவைத்துத் திரும்ப எடுக்கிறது, ரீஸ்டார்ட்தான் முழுதாக அணைத்துத் தொடங்கும்.

நெட்டின் மேல் சந்தேகம் இருந்தால் அதே மேசையில் மொபைலை வைஃபையில் வைத்து அதே தளத்தைத் திறந்து பாருங்கள். மொபைலிலும் மெதுவென்றால்தான் நெட்டைப் பார்க்க வேண்டும். வெட்டுக்கல் சுவர் வைத்த பழைய வீடுகளில் இரண்டாவது அறைக்கே வைஃபை தளர்ந்துவிடும், அங்கே ஒரு லேன் கேபிள் இழுப்பது எந்த ரிப்பீட்டரையும்விட நல்லது.

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. வீட்டுப் பயனர்களுக்கான நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும். விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறை இன்டெல்லிலிருந்துதான் முறையாக ஏற்கிறது, உங்களுடையது ஆறு. குறுக்குவழியில் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், பாங்க் வேலை செய்யும் சிஸ்டத்தில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதே எஸ்எஸ்டியில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால் குரோமும் ஓடும், தமிழ் டைப்பிங்கும் வரும். மகளின் கல்லூரி எந்த மென்பொருள் கேட்கிறது என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய ஹார்ட் டிஸ்க்கில் மூன்று வரியும் பூஜ்யமாக இருந்தால் எஸ்எஸ்டி ஏறிய பிறகு அதை இரண்டாவது டிஸ்க்காக மாட்டிப் படங்களை வையுங்கள். 05-லோ சி5-லோ எண் இருந்தால் எடுத்துவிடுங்கள், ஆனால் பழைய இரும்புக்காரரிடம் அப்படியே கொடுக்காதீர்கள். ஆதார் நகலும் பாஸ்புக் ஸ்கேனும் அதற்குள் இருக்கும். ஃபார்மட் செய்தாலும் மீட்டுவிடலாம் என்பதால், மூடியைக் கழற்றித் தட்டுகளை நன்றாகக் கீறிய பிறகு கொடுங்கள்.