மாம்பழக்கூழ் ஆலைக்கு மென்பொருள்: உரிமச் செலவு எவ்வளவு?

கேள்வி: பொழுதுபோக்காக நிரல் எழுதக் கற்றவன் நான். மாம்பழக்கூழ் ஆலைகளில் லாரி எடை, வண்டி வாடகை, விவசாயிகளுக்கான பட்டுவாடா ஆகியவற்றைக் கணக்கிடும் மென்பொருளை எழுதி விற்க விரும்புகிறேன். நிரலாக்கக் கருவிகளின் உரிமத்துக்குப் பெருந்தொகை செலவாகுமா?
– வாசகர், காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: ஆகாது, ஆனால், பதிவிறக்குவதற்கு முன் உரிம நிபந்தனையில் வருமான வரம்பு இருக்கிறதா என்று பாருங்கள். மைக்ரோசாப்டின் நிரலாக்கக் கருவியான விஷுவல் ஸ்டுடியோவின் இலவச கம்யூனிட்டி பதிப்பைக் கொண்டு தனிநபர் தம் சொந்த மென்பொருளை எழுதி விற்கக் கட்டணமில்லை. நிறுவனமாக வளர்ந்தாலும், கணினிகள் 250-க்கும் ஆண்டு வருமானம் 10 லட்சம் டாலருக்கும் மேற்போகாதவரை, ஐந்து பேர் வரை அதையே பயன்படுத்தலாம். பாஸ்கல் மொழியில் நிரல் எழுத உதவும் டெல்பி என்ற கருவியின் கம்யூனிட்டி பதிப்புக்கு வருமான வரம்போ ஆண்டுக்கு 5,000 டாலர்தான். நான்கைந்து ஆலைகள் நல்ல விலைக்கு வாங்கினாலே அதைத் தாண்டிவிடக்கூடும். பாஸ்கல் மொழிதான் கைவந்தது என்றால் டெல்பியைப் போன்ற இலவசக் கருவியான லாசரஸைத் தேர்ந்தெடுங்கள். அதன் நூலகங்களுக்கான திருத்திய எல்ஜிபிஎல் (LGPL) என்ற கட்டற்ற மென்பொருள் உரிமம், உங்கள் மூலநிரலை வெளியிடாமல் விற்பதற்கு இடமளிக்கிறது.

மென்பொருளின் திரைகளையும் பொத்தான்களையும் அமைக்க உதவும் க்யூடி (Qt) என்ற கருவித்தொகுப்பில்தான் கவனம் தேவை. அதன் பெரும்பாலான பகுதிகள் எல்ஜிபிஎல் உரிமத்தில் கிடைத்தாலும், தினசரி எடையை வரைபடமாகக் காட்ட உதவும் க்யூடி சார்ட்ஸ், இலவசமாக வேண்டுமென்றால் அதைவிடக் கண்டிப்பான ஜிபிஎல் (GPL) உரிமத்தில் மட்டுமே கிடைக்கும் என்பதால், அதைச் சேர்த்து விற்றால் உங்கள் மூலநிரலையும் வாங்குபவருக்குத் தர நேரிடும். வெறும் வரைபடத்துக்காக வணிக உரிமம் வாங்குவது, என் கருத்தில், வீண் செலவு, அட்டவணையாகவே காட்டிவிடலாம்.