தோடியின் காந்தாரம்

கேள்வி: என் பதினான்கு வயது மகள் கோயிலில் தோடி ராகம் பாடிய பதிவை அனுப்பியிருக்கிறேன். குறைகளைச் சொல்லுங்கள்.
- ஒரு தாய், கும்பகோணம்

பதில்: அம்மா, மேல் ஷட்ஜத்தில், அதாவது மேல் 'ஸ'வில், உங்கள் மகள் சுருதி பிசகாமல் நின்றாள். அந்த இடத்தை மூன்று முறை கேட்டேன். காந்தாரம், அதாவது 'க' ஸ்வரம்தான் தட்டையாக விழுகிறது. தோடியில் அது ரிஷபத்துக்கும் ('ரி') மத்யமத்துக்கும் ('ம') நடுவே அசைய வேண்டும். அந்த அசைவில்தான் தோடியே இருக்கிறது. தினமும் பத்து நிமிடம், தம்புராவோடு, தாளமில்லாமல் அந்த ஒரு ஸ்வரத்தை மட்டும் மெதுவாகப் பாடட்டும். 'ஆ' என்று இழுத்துப் பாடும் அகாரம் மூக்கில் ஒலிக்கிறது, வாயைத் திறக்கச் சொல்லுங்கள்.

மேடையில் அவள் கண்கள் நோட்டை விட்டு எழவே இல்லை. வயலின்காரர் ஆலாபனை வாசித்தபோதும் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தாள். அவர் பக்கம் திரும்பி, காது கொடுத்துக் கேட்கட்டும். இவற்றைக் கச்சேரி முடிந்த இரவில் சொல்லிவிடாதீர்கள், அம்மா. மறுநாள் பாட்டுச் சாதகம் செய்யும்போது சொல்லுங்கள், ஷட்ஜத்தில் தொடங்கி.